பழைய ரயரில முற்றத்து இருக்கை: மாரி மழைக்குத் தண்ணி தேங்காமல் செய்யிறது எப்படி?

வேப்பமரநிழல்

மாங்குளம் பக்கம். முற்றத்து வேம்புக்குக் கீழ அஞ்சாறு பேர் இருந்து கதைக்கக்கூடிய மாதிரி இருக்கைகள் வேணும். கையில கிடக்கிற சாமான்: 155/80 ஆர் 13 கார் ரயர் ஆறு, 185/70 ஆர் 14 நாலு, லாண்ட்மாஸ்ரர் எண்ட இரண்டு சில்லு உழவு மெசின்ர ரயர் (6.00-12) இரண்டு, 10.00-20 லொறி ரயர் ஒண்டு. டிறில் மெசினும் கிறைண்டரும் இருக்கு, ஜிக்சோ வாள் இரவல் வாங்கலாம்.

வீடியோக்களில காட்டுறது எல்லாம் ஒரே முறைதான்: மேலயும் கீழயும் வட்டப் பலகை, சுத்திவரக் கயிறு, பசை. எங்கட ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது நிக்குமோ எண்டுதான் யோசனை. உள்ளுக்குத் தண்ணி தேங்கினால் நுளம்பு. கயிறு எது வாங்கிறது, எத்தினை மீற்றர் போகும்? பிறகு, ரயரின்ர கறுப்பு உடுப்பில ஒட்டாமல் இருக்க வழி இருக்கோ?

கம்மாலை

கயிறு, பெயின்ற் எல்லாம் பிறகு. முதல்ல உயரத்தைத் தீர்மானியுங்கோ. பெரியாக்கள் இருந்து எழும்ப 43–45 செ.மீ. வேணும், சின்னப் பிள்ளையளுக்கு 30 போதும். ரயரில 185 எண்டு கிடக்கிறது அதின்ர அகலம், மில்லிமீற்றரில. படுக்க வைச்சால் அதுதான் உயரம். அப்ப 185 இரண்டு அடுக்கினால் 37, அதுக்கு மேல பலகை 2, மெத்தை 5 எண்டால் 44. சரியான அளவு. 155 இரண்டு அடுக்கினால் 31தான், அது பிள்ளையளுக்கு. லாண்ட்மாஸ்ரர் ரயரைக் கீழ வைச்சு அதுக்கு மேல 155 இரண்டு வைத்தால் 46 வரும். அடி 64 செ.மீ. விட்டம், மேல 57 எண்டபடியால் ஆடாமலும் நிக்கும்.

உங்களிட்ட இருக்கிறதுக்கு இப்படிப் பிரிக்கலாம்: 185இல இரண்டு இருக்கை, லாண்ட்மாஸ்ரர் அடி போட்டு இரண்டு, மிஞ்சுற 155 இரண்டில பிள்ளையளுக்கு ஒண்டு. ஆறாவது வேணுமெண்டால் இன்னும் இரண்டு 14 இஞ்சி (185) ரயர் தேட வேண்டியதுதான். ரயரில எழுதியிருக்கிற அளவு றிம்மில பூட்டிக் காத்தடிச்ச அளவு. கழட்டின ரயர் ஒண்டு இரண்டு செ.மீ. கூடிக் குறையும். சும்மா அடுக்கிப் பலகை ஒண்டை வைச்சு, இருந்து பாத்திட்டு வெட்டத் தொடங்குங்கோ.

இப்ப தண்ணி. 8 மில்லி துளை நாலு போட்டால் காணும் எண்டு கனபேர் சொல்லுவினம். காணாது. ரப்பர் திரும்பச் சுருங்கித் துளையை இறுக்கும், வேப்பஞ்சருகு ஒண்டு விழுந்தால் மிச்சமும் அடைபடும். படுத்த ரயரில தண்ணி நிக்கிற இடம் கீழ்ப்பக்கச் சுவரின்ர வளைவு மட்டும்தான். ஆகவே அடி ரயரின்ர கீழ்ப்பக்கச் சுவரை முழுசா வெட்டி எடுத்துவிடுங்கோ. அதுக்குப் பிறகு அந்த ரயரில தண்ணி நிக்க இடமே இல்லை.

வெட்டுறதுக்குக் கிறைண்டர் வேண்டாம். ரப்பர் எரிஞ்சு புகையும், தகடு இறுகித் தூக்கி அடிக்கும். கார் ரேடியல் ரயரின்ர பக்கச் சுவருக்குள்ள துணி நூல்தான் இருக்கு, இரும்பு இல்லை. நல்ல கூரான கத்தி போதும். நிலத்தைத் தொடுற பட்டி முடிஞ்சு சுவர் தொடங்கிற விளிம்பில இருந்து 3 செ.மீ. உள்ளுக்கு வெண்கட்டியால ஒரு வட்டம் கீறுங்கோ. கத்தியைச் சவர்க்காரத் தண்ணியில தோய்ச்சுக் குத்தி இறக்கி, சின்னச் சின்ன இழுவையா உங்களை விட்டு வெளிப்பக்கம் இழுங்கோ. இன்னொராள் வெட்டின வாயைக் கொளுக்கியால விரிச்சுப் பிடிக்க வேணும், இல்லாட்டி ரப்பர் கத்தியைக் கவ்வும். இடையில கத்தி கறகறக்குதெண்டால் பட்டிக்குள்ள கிடக்கிற உருக்குக் கம்பிக்குக் கிட்டப் போயிட்டீங்கள் எண்டு அர்த்தம், உடன உள்ளுக்குத் தள்ளி வெட்டுங்கோ. அந்தக் கம்பி நுனி வெளியில வந்தால் பிறகு தூக்கிற ஆளின்ர கையைத்தான் கிழிக்கும். உள்வாயில இருக்கிற தடிச்ச வளையத்துக்குள்ள கட்டுக்கம்பி கிடக்கு, அதைத் தொட வேண்டாம், சுவரோட சேத்து அப்படியே கழண்டு வரும். லாண்ட்மாஸ்ரர் ரயர் நைலோன் நூல் அடுக்கு, தடிப்பு. அதுக்கு ஜிக்சோதான், சவர்க்காரத் தண்ணி விட்டு மெதுவா.

மேல வைக்கிற ரயரின்ர கீழ்ச் சுவரை வெட்ட ஏலாது, போல்ற் பூட்ட அது வேணும். அதில ஆறு பெரிய துளை. முக்கால் இஞ்சி ஜீ.ஐ. (கல்வனைஸ் இரும்பு) பைப் ஒரு சாண் நீளம் எடுத்து, ஒரு வாயை வெளிப்பக்கத்தால அரத்தில தீட்டிக் கூராக்குங்கோ. ரயருக்குள்ள மரக் குற்றி ஒண்டை வைச்சு, சுவருக்கு மேல பைப்பை நிறுத்திச் சுத்தியலால ரண்டடி. காசு மாதிரி வட்டத் துண்டு கழண்டு விழும், துளை ஏறத்தாழ 20 மி.மீ. வரும். டிறில் போட்ட துளை மாதிரி இது இறுகாது, ரப்பரை விலத்தாமல் வெட்டி எடுக்கிறபடியால். இரண்டு ரயரும் ஒண்டையொண்டு முட்டுற இடத்தில, அதாவது 45 செ.மீ. விட்ட வட்டத்தில, இரண்டு சுவரிலயும் நேருக்கு நேர் வாற மாதிரிப் போட வேணும். ஒரு துளை மாறினாலும் தண்ணி இடையில மறிச்சு நிக்கும். மேல விழுற தண்ணி துளையால அடி ரயருக்குள்ள இறங்கி நேர நிலத்துக்குப் போகும்.

பூட்டுறதுக்கு 8 மி.மீ. போல்ற், 40 மி.மீ. நீளம், கல்வனைஸ், நாலு. வடிகால் துளைகளுக்கு இடையில வரட்டும். இரண்டு பக்கமும் 30 மி.மீ.க்குக் குறையாத வோசர் போடுங்கோ. சின்ன வோசர் எண்டால் ஆள் சாய்ஞ்சு இருக்கேக்க போல்ற் தலை ரப்பருக்குள்ளால உருவிக்கொண்டு வந்திடும். துளையை 10 மி.மீ. அலகால போட்டால்தான் 8 மி.மீ. போல்ற் போகும். அலகைக் குறைஞ்ச வேகத்தில ஓடவிடுங்கோ. பலகை ஸ்குறூவை ரப்பருக்கு மட்டும் அடிச்சு நம்பி இருக்க வேண்டாம்.

பாலைப்பழம்

கம்மாலை சொன்ன அடுக்கு முறை சரி. மேல்பக்கத்துக்கு என்ர கருத்து: வெளியில வைக்கிறதெண்டால் பலகையும் ஒட்டுக் கயிறும் வேண்டாம். விறாந்தைக்கு அது வடிவு, முற்றத்துக்கு இல்லை. கயிற்றுக்கும் ரப்பருக்கும் இடையில ஈரம் நிண்டு, எறும்பு மண் ஏத்தி, அடுத்த மாரிக்குள்ள கழண்டு தொங்கும். துப்பாக்கியால உருக்கி ஒட்டுற பசை எண்டால் மாரி வரைக்கும் போகத் தேவையில்லை, பங்குனி சித்திரை வெயிலுக்குக் கறுப்பு ரயர் சுடுற சூட்டில பசையே இளகும். ஆசைப்பட்டால் கணக்கு இதுதான்: 13 இஞ்சி ரயர் ஒண்டுக்கு 10 மி.மீ. கயிறு மேல்பக்கச் சுருளுக்கு 26 மீற்றர், பக்கத்துக்கு 28 மீற்றர். இரண்டு மூண்டு அடுக்கெண்டால் பக்கத்துக் கணக்கை அப்படியே பெருக்கிப் பாருங்கோ, கயிற்றுக் காசுக்குக் கதிரையே வாங்கலாம்.

பதிலுக்குக் கயிற்றுக் கட்டில் மாதிரிப் பின்னுங்கோ. பலகை இல்லை, பசை இல்லை, மழை அப்படியே ஊடு போகும். மேல் ரயரின்ர மேல்ச் சுவரில 40 செ.மீ. விட்டத்தில ஒரு வட்டம் கீறி, அதைச் சமனாப் பிரிச்சு 24 துளை, 10 மி.மீ. துளைக்கு துளை ஏறத்தாழ 5 செ.மீ. வரும். 13 இஞ்சி ரயரின்ர வாய் 33 செ.மீ., ஆகவே துளை வாய் விளிம்பில இருந்து மூண்டரை செ.மீ. தள்ளி நிக்கும். அதுக்கு உள்ளுக்குப் போனால் கட்டுக்கம்பியில அலகு முட்டும், வெளியால போனால் சுவர் மெல்லிசு, பாரத்துக்கு உள்ள இழுபடும். 14 இஞ்சிக்கு வட்டம் 42–43.

4 மி.மீ. கயிறு, ஒரு இருக்கைக்கு 15 மீற்றர். கயிறை இரட்டையா மடிச்சுக்கொண்டு முதல் 12 ஓட்டம் ஒரு பக்கமா, எதிரெதிர்த் துளையில. பிறகு குறுக்கால 12 ஓட்டம், ஒண்டுவிட்டு ஒண்டு மேல கீழ. நடுவில இருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போங்கோ. ஓரத்தில தொடங்கினால் நடுவுக்கு வரேக்க முதல் ஓட்டங்கள் தொய்ஞ்சிடும். ஒவ்வொரு ஓட்டத்தையும் இழுத்து இறுக்கி, துளைக்குள்ள ஒரு மர ஆப்பைத் தற்காலிகமா அடிச்சுப் பிடிச்சால் கை ஓயாது. முடிச்சு இரண்டும் ரயருக்கு உள்பக்கம். முடிஞ்சதும் மண் மூட்டை ஒண்டை இரண்டு நாள் மேல வைச்சிட்டு, ஆப்பை அடிச்சு அடிச்சுத் திரும்ப ஒருக்கா இறுக்குங்கோ. அந்த இரண்டாம் இறுக்கலை விட்டாக்கள்தான் பின்னல் தொட்டிலாப் போச்சுது எண்டு சொல்லுறது.

எந்தக் கயிறு? கடையில எல்லாத்தையும் நைலோன் எண்டுதான் தருவாங்கள். ஒரு துண்டை வெட்டித் தண்ணிக்குள்ள போட்டுப் பாருங்கோ. மிதந்தால் அது பொலிப்புறொப்பிலீன் அல்லது பொலித்தீன். விலை குறைவு, ஆனால் நேர் வெயிலில நார்நாராப் பொடிஞ்சு காலில குத்தும். தாண்டால் நைலோன் அல்லது பொலியெஸ்ரர். இரண்டிலயும் பொலியெஸ்ரர் இழுபடுறது குறைவு, இருக்கைக்கு அதுதான் நல்லம். முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் வலைச் சாமான் விக்கிற கடையளில கேட்டால் வகை பிரிச்சுத் தருவினம். தும்புக் கயிறு பாக்க அழகு, மழையில உக்கும்.

லாண்ட்மாஸ்ரர் ரயருக்குக் கயிறு சுத்துற எண்ணமிருந்தால் விட்டிடுங்கோ. பல்லுப் பல்லா இருக்கிறபடியால் கயிறு இடுக்குக்குள்ள வழுக்கும்.

வாடைக்காற்று

ஒன்றைச் சேர்க்கிறேன். வெட்டத் தொடங்க முன்னரே ரயர்களின் உள்பக்கத்தைச் சவர்க்காரத் தூளும் கடினமான பிறஷும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிக் காயவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தண்ணீரில் இல்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியபடி. அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும். முதல் மழை நனைத்ததும் குடம்பி வெளிவரும், ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகிவிடும். வேறு ஊரிலிருந்து ஏற்றிவந்த ரயர் என்றால் முட்டையும் சேர்ந்தே வந்திருக்கும்.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, வளவுக்குள் நீர் தேங்கவிடாமல் பார்ப்பது வளவில் இருப்பவரின் பொறுப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் தேடுவதே ரயரைத்தான். கீழ்ச் சுவர் வெட்டிய அடுக்கை நேரடியாகக் காட்டலாம்: ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றி, அது கீழே வெளியேறுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை நீங்களே இதைச் செய்து பாருங்கள். வெட்டியெடுத்த சுவர் வளையங்களைக் குழிவுப் பக்கம் மேலே தெரிய வளவில் போட்டுவைக்க வேண்டாம், அதுவும் ஒரு தட்டுத்தான்.

ஓரங்களில் இன்னொரு ஆபத்து: அடி திறந்த ரயருக்குள் கோடையில் புடையன் பாம்பும் மட்டத்தேளும் நிழலுக்குப் புகும். அடுக்கைச் சமமான கிரவல் படுக்கையில் இடைவெளி இல்லாமல் இருத்துங்கள். இடம் மாற்றும்போது கையை உள்ளே விட்டுத் தூக்காமல், முதலில் காலால் அல்லது தடியால் சரித்துப் பார்க்க வேண்டும். சருகு கூட்டி எரிக்கிற இடத்துக்குக் கிட்டவும் வேண்டாம். ரயர் ஒருமுறை பற்றினால் வாளித் தண்ணீருக்கு அணையாது.

வேப்பமரநிழல்

எல்லாருக்கும் நன்றி. பின்னல் முறைதான் செய்யப் போறன். இரண்டு கேள்வி மிச்சம். ஒண்டு, வயசான ஆக்களுக்குச் சாயிறதுக்கு முதுகு வேணும், அதோட பின்னலில இருந்து எழும்ப அவைக்குக் கஷ்டம், தட்டையான மேல் வேணும். மற்றது அந்த லொறி ரயர், அதை வெட்டி மேசையாக்கலாமோ?

கம்மாலை

தட்டை மேலுக்கு மூடி முறை செய்யுங்கோ. 18 மி.மீ. பிளைவூட், கொதிநீர் தாங்கிற வகை எண்டு கேட்டு வாங்க வேணும், சாதாரணது ஒரு மழையில அடுக்கடுக்கா விரியும். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒண்டில 50 செ.மீ. வட்டம் எட்டு வெட்டலாம், ஆகவே ஒரு இருக்கைக்கு முழுப் பலகை வாங்காதேங்கோ, துண்டு தேடுங்கோ. வட்டத்தின்ர அடியில நாலு சின்னச் சிலாகைத் துண்டை, வெளி விளிம்பு 32 செ.மீ. விட்டத்துக்குள்ள அடங்கிற மாதிரி அடியுங்கோ. 13 இஞ்சி வாய்க்குள்ள அது இறங்கி நிண்டு வழுக்காது. 14க்கு 34 செ.மீ. ரயரோட பூட்டத் தேவையில்லை, கடும் மழை நாளில கழட்டி விறாந்தைக்குள்ள வைக்கலாம். வெட்டு விளிம்புதான் தண்ணி குடிக்கிற இடம், பெயின்றை அங்க மூண்டு தரம் போடுங்கோ. நிலத்தில வைச்சு விட்டிட்டுப் போனால் கறையானுக்குச் சாப்பாடு. ஸ்பொஞ்ச் மெத்தையும் அப்படித்தான், வெளியில விட்டால் குரங்கு ஒரு பின்னேரத்தில பிரிச்சு வேலியில காயப்போடும்.

கிரவல்றோட்

முதுகுச் சாய்வுக்கு வாறன். வெறும் கார் ரயர் அடுக்கில முதுகு பூட்டினால் ஆளோட சேத்துப் பின்னால கவிழும், ரயர் ஒண்டு ஆறேழு கிலோதான். அதுக்கு லாண்ட்மாஸ்ரர் அடியைப் பாவியுங்கோ, ஆனால் அந்த ஒண்டுக்கு மட்டும் கீழ்ச் சுவரை வெட்டாமல் பத்துப் பன்னிரண்டு பெரிய துளை மட்டும் போட்டு, மண் இறுக்கி நிரப்புங்கோ. கீழ முக்கால் இஞ்சி மெற்றல் (உடைச்ச கல்) அரைச் சாண் ஆழத்துக்கு, அதுக்கு மேல கிரவல். வயல் களி மண் வேண்டாம், மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, சுவரின்ர வளைவுக்குள்ள தடியால குத்திக் குத்தி நிரப்ப வேணும். வளைவில வெற்றிடம் விட்டால் பிறகு அதுதான் தண்ணித் தொட்டி. நடு வாயையும் சேத்து நிரப்பினால் 80 கிலோவுக்கு மேல நிக்கும். ஆகவே இருத்துற இடத்தில வைச்சே நிரப்புங்கோ, பிறகு உருட்ட ஏலாது.

முதுகுக்கு 2×2 இஞ்சிச் சட்டம் இரண்டு, 90 செ.மீ. நீளம். ரயரின்ர நிலம்தொடுற பட்டியில வெளிப்பக்கமா நிறுத்தி, அடி ரயரில ஒண்டு மேல் ரயரில ஒண்டு எண்டு ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு போல்ற், 8×80. அடி ரயரின்ர போல்றை மண் நிரப்ப முன்னமே பூட்ட வேணும். கார் ரயரின்ர பட்டிக்குள்ள உருக்கு வலை கிடக்கு, இரும்புக்குப் போடுற அலகுதான் போகும். குறுக்கால பழைய பனஞ்சிலாகை மூண்டு அடிச்சால் காணும்.

நிரந்தரமா ஓரிடத்தில விடுறதெண்டால் கொங்கிறீற் மேலும் போடலாம். 45 செ.மீ. வட்டம், 5 செ.மீ. தடிப்பு, நடுவில கோழிக்கூட்டு வலை. 1:2:4 கலவை (சீமெந்து, மணல், கல்), பெரிய மெற்றல் போடாமல் சிப்ஸ் எண்ட சின்னக் கல். ஒரு மேலுக்குச் சீமெந்து இரண்டரை கிலோதான் போகும், இதுக்கெண்டு ஒரு பை உடைக்க வேண்டாம், வேற வேலை நடக்கேக்க சேத்து ஊத்துங்கோ. ஏழு நாள் நனைச்ச சாக்குப் போட்டு மூடி வையுங்கோ. நடு கொஞ்சம் உயர்ந்து ஓரம் தாழ்ந்திருந்தால் தண்ணி நிக்காது.

லொறி ரயர்: வெட்ட முன்னம் எழுத்தைப் பாருங்கோ. 10.00-20 எண்டு நடுவில கோடு இருந்தால் நைலோன், வெட்டலாம். கோட்டுக்குப் பதிலா ஆர் எண்ட எழுத்து இருந்தால் ரேடியல், லொறி ரேடியலில பக்கச் சுவருக்குள்ளயும் பெரும்பாலும் உருக்குக் கம்பி, கத்தியும் ஜிக்சோவும் வீண். உங்கட அளவைப் பாத்தால் நைலோன்தான். ஆனால் வெட்டி மேசையாக்கிறதை விட அப்படியே படுக்க வைச்சு மேல வட்டப் பலகை போடலாம், விட்டம் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட, உயரம் 28 செ.மீ. பதிவான தேத்தண்ணி மேசைக்கு அது சரி. கீழ்ச் சுவரில பைப்பால எட்டுத் துளை, அதுக்குக் கீழ செங்கல் மூண்டு. இரண்டு பேர் இல்லாமல் தூக்காதேங்கோ.

ரயர் காணாமல் தேடப் போறாக்களுக்கு: ஏ-9 வீதி வழிய இருக்கிற ரயர் கடையளில கேளுங்கோ, கார் ரயர் சும்மாவே தருவினம். பத்தைக்குள்ள, பழைய பதுங்குகுழி, காவலரண் இருந்த பக்கம் பாதி புதைஞ்சு கிடக்கிற ரயரைக் கிளப்பப் போகவேண்டாம். மிதிவெடிப் பலகை இல்லாத இடம் எண்டதுக்காக வெடிபொருள் இல்லாத இடம் எண்டில்லை. நிரப்புற மண்ணும் வளவு மண்ணா, தெரிஞ்ச கிடங்கு மண்ணா இருக்கட்டும். ஏதும் இரும்பு தட்டுப்பட்டால் கிண்டாமல் விட்டிட்டு கிராம சேவகரிட்ட அல்லது பொலிசின்ர 119க்குச் சொல்லுங்கோ.

பாலைப்பழம்

கறுப்பு ஒட்டுறதைப் பற்றி ஒருதரும் சொல்லேல்லை. ரயரில வெடிப்பு விழாமல் இருக்கக் கம்பெனியில கலக்கிற மெழுகும் மருந்தும் மெதுமெதுவா மேல வரும், அந்த மண்ணிறப் படிவுதான் வெள்ளை வேட்டியில பிடிக்கிறது. கம்பி பிறஷால சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவி, காய்ஞ்ச பிறகு தின்னரில தோய்ச்ச துணியால ஒருக்காத் துடைச்சு, வெளிச் சுவருக்கு அடிக்கிற அக்ரிலிக் இமல்சன் மூண்டு பூச்சு. எனாமல் அடிக்காதேங்கோ. ரப்பர் எண்ணெயோட சேந்து கனநாளைக்குப் பிசுபிசுக்கும், காய்ஞ்சாலும் ஆள் இருக்கேக்க ரயர் நெளிய வெடிச்சு உதிரும். வெள்ளை, மஞ்சள் எண்டு வெளிர் நிறம் போட்டால் உள்ள இருந்து மண்ணிறம் ஊறித் தெரியும். செங்காவி, கரும்பச்சை, நீலம் போடுங்கோ. கயிறு போற 24 துளையின்ர விளிம்புக்கும் பெயின்ற் போகட்டும், பின்ன முதலே அடிச்சுக் காயவிட வேணும், பின்னின பிறகு பிறஷ் உள்ளுக்குப் போகாது.